இஸ்தான்புல்லில் மிஞ்சியிருக்கும் கிரேக்கர்களின் நினைவை எப்படிக் காப்பது?

கேள்வி இதுதான்: "இஸ்தான்புல்லில் ஒரு காலத்தில் ஒரு லட்சம் பேராக இருந்த கிரேக்கச் சிறுபான்மையினர் இன்று இரண்டாயிரம், மூவாயிரம் பேர்தான் என்கிறார்கள். இவ்வளவு சுருங்கிய சமூகத்தின் பாரம்பரியத்தையும் நினைவையும் காப்பாற்ற வழி உண்டா? பழைய தேவாலயங்களையும் பள்ளிகளையும் பழுதுபார்த்து அருங்காட்சியகம் ஆக்கிவிட்டால் போதாதா?"

போதாது என்பதே என் பதில். ஒரு தேவாலயத்தின் கூரையை மாற்றுவது பணம் இருந்தால் நடந்துவிடும். அந்த இடத்தின் பத்திரம் யார் பெயரில் இருக்கிறது, அதை நிர்வகிக்கும் குழுவை அந்த மக்களே தேர்ந்தெடுக்க முடிகிறதா, அவர்களுடைய பிள்ளைகள் படிக்க ஒரு பள்ளி திறந்திருக்கிறதா என்பதைத்தான் நான் முதலில் பார்ப்பேன். இவை சரியாக இருக்கும் இடத்தில் நினைவு தானாகவே கொஞ்சம் நிற்கிறது. இல்லாத இடத்தில் எத்தனை கண்காட்சி வைத்தாலும் பார்வையாளர்தான் வருவார்கள், வாரிசு வருவதில்லை. ஏன் இப்படிச் சொல்கிறேன் என்பதற்கு நடந்த கதையைக் கொஞ்சம் சொல்ல வேண்டும்.

துருக்கியில் இவர்களை 'ரும்' என்று அழைக்கிறார்கள். கிரேக்கம் பேசும், ஆர்த்தடாக்ஸ் கிறிஸ்தவர்களான துருக்கிக் குடிமக்கள். கிரீஸ் நாட்டிலிருந்து வந்து குடியேறியவர்கள் என்று பலர் தவறாக நினைத்துக்கொள்கிறார்கள். துருக்கியர் வருவதற்கு முன்பிருந்தே, பைசாந்தியப் பேரரசின் காலத்திலிருந்தே, அந்த ஊர்தான் அவர்களுக்குச் சொந்த ஊர். 1923 ஜனவரியில் சுவிட்சர்லாந்தின் லொசானில் கையெழுத்தான உடன்படிக்கைப்படி கிரீசும் துருக்கியும் மக்களைப் பரிமாறிக்கொண்டன. ஏறத்தாழ 12 லட்சம் ஆர்த்தடாக்ஸ் கிறிஸ்தவர்கள் துருக்கியின் ஆசியப் பகுதியான அனதோலியாவை விட்டுக் கிரீசுக்குப் போனார்கள். மூன்றரை லட்சத்துக்கும் மேற்பட்ட முஸ்லிம்கள் கிரீசிலிருந்து துருக்கிக்கு வந்தார்கள். இஸ்தான்புல்லின் ரும் மக்களுக்கும் கிரீசிலுள்ள மேற்குத் திரேஸ் பகுதியின் முஸ்லிம்களுக்கும் மட்டும் விலக்கு. ஏஜியன் கடலிலிருக்கும் இம்ப்ரோஸ், தெனெதோஸ் என்ற இரு தீவுகளின் கிரேக்கர்களையும் அசைக்கவில்லை. லொசான் ஒப்பந்தத்தின் 14ஆம் பிரிவு அவர்களுக்கு உள்ளூர்த் தன்னாட்சியே வாக்களித்தது.

அந்த வாக்கு காற்றில் போனது. இஸ்தான்புல்லில் மிஞ்சியவர்களும் படிப்படியாகக் கரைந்தார்கள். 1942 நவம்பரில் வந்த சொத்து வரி, முஸ்லிம் அல்லாத வணிகர்களுக்குப் பல மடங்கு கூடுதலாக விதிக்கப்பட்டது. 15 நாளுக்குள் கட்ட வேண்டும். கட்டாதவரின் கடையும் வீட்டுச் சாமான்களும் ஏலத்துக்குப் போயின. அதற்கும் பணம் தேறாதவர்கள் கிழக்கே அஷ்காலே முகாமுக்குப் பனி அள்ளவும் கல் உடைக்கவும் அனுப்பப்பட்டார்கள். 1955 செப்டம்பர் 6ஆம் தேதி இரவு நடந்தது அதைவிடக் கொடியது. கிரீசின் தெசலோனிக்கியில், துருக்கிக் குடியரசை நிறுவிய அதாதுர்க் பிறந்த வீட்டில் குண்டு வெடித்தது என்ற செய்தியை ஒரு மாலை நாளிதழ் பரப்ப, லாரிகளில் கொண்டுவரப்பட்ட கும்பல் கடப்பாரையோடு ரும் மக்களின் கடைகளிலும் வீடுகளிலும் நுழைந்தது. ஒரே இரவில் நான்காயிரத்துக்கும் மேற்பட்ட கடைகளும் எழுபது தேவாலயங்கள் வரையிலும் நாசமாயின. கல்லறைகளைக்கூட விடவில்லை. ஆர்மீனியர்களும் யூதர்களும் சேர்ந்தே அடிபட்டார்கள்.

இருந்தும் சமூகத்தை முறித்தது 1964தான் என்று நான் கருதுகிறேன். சைப்ரஸ் தீவில் கிரேக்கருக்கும் துருக்கியருக்கும் இடையிலான பிரச்சினை முற்றியபோது, 1930இல் கிரீசுடன் செய்திருந்த குடியிருப்பு உடன்படிக்கையைத் துருக்கி ரத்து செய்தது. ரும் மக்களில் சிலர் தலைமுறைகளாக இஸ்தான்புல்லிலேயே வாழ்ந்தாலும் கிரீஸ் கடவுச்சீட்டு வைத்திருந்தார்கள். அப்படிப்பட்ட ஏறத்தாழ 12,000 பேர் வெளியேற்றப்பட்டார்கள். கையில் 20 கிலோ சாமான், 22 டாலர் பணம், அவ்வளவுதான் அனுமதி. வங்கிக் கணக்குகளும் சொத்துகளும் முடக்கப்பட்டன. வீட்டில் கணவர் கிரீஸ் குடிமகன், மனைவியும் பிள்ளைகளும் துருக்கிக் குடிமக்கள் என்றால் குடும்பம் என்ன செய்யும்? எல்லோரும் சேர்ந்தே புறப்பட்டார்கள். அப்படிப் போனவர்களையும் சேர்த்தால் முப்பதாயிரத்துக்கும் மேல். ஆசிரியர், கடைக்காரர், பாதிரியார், பாடகர் குழுவில் பாடியவர் என்று ஒரு தெருவை நடத்திக்கொண்டிருந்தவர்கள் ஒரே வருடத்தில் காணாமல் போனார்கள். மிஞ்சியவர்களும் அதன் பிறகு பெட்டியைக் கட்டியபடியே காலம் தள்ளினார்கள்.

இங்கே ஒன்றைச் சொல்லாமல் விட்டால் நியாயமாகாது. எல்லைக்கு அப்பால் கிரீசும் தன் முஸ்லிம் சிறுபான்மையை நல்லபடியாக நடத்தவில்லை. கிரேக்கக் குடியுரிமைச் சட்டத்தின் 19ஆம் பிரிவைக் காட்டி 1955 முதல் 1998 வரை ஏறத்தாழ 60,000 பேரின் குடியுரிமை பறிக்கப்பட்டது. அவர்களில் பெரும்பாலோர் மேற்குத் திரேசின் முஸ்லிம்கள். "நீ அங்கே செய்தாய், அதனால் நான் இங்கே செய்கிறேன்" என்று இரண்டு அரசுகளும் தத்தம் குடிமக்களையே தண்டித்தன. இந்தக் கணக்குத் தீர்க்கும் பழக்கம் இருக்கும்வரை எந்தப் பாரம்பரியத் திட்டமும் பாதியில் நின்றுவிடும். பள்ளியைத் திறக்கும் அனுமதியைக்கூட எதிர்த்தரப்பு என்ன கொடுத்தது என்று பார்த்துத்தான் கொடுப்பார்கள்.

இனிச் சொத்து விஷயம். இது வறண்ட சட்டச் சமாசாரம் போலத் தெரியும். ஆனால் நினைவு எங்கே போனது என்று தேடினால் பல நேரம் இங்கேதான் வந்து நிற்போம். ரும் தேவாலயங்கள், பள்ளிகள், மருத்துவமனைகள் எல்லாம் அறக்கட்டளைகளின் பெயரில் இருப்பவை. 1936இல் ஒவ்வொரு அறக்கட்டளையும் தன் சொத்துப் பட்டியலை அரசிடம் கொடுக்க வேண்டும் என்றார்கள், கொடுத்தார்கள். 1974இல், சைப்ரஸ் போரின் ஆண்டில், துருக்கியின் உச்ச மேல்முறையீட்டு நீதிமன்றம் பலிக்லி ரும் மருத்துவமனை வழக்கில் ஒரு தீர்ப்பு சொன்னது: அந்தப் பட்டியல்தான் அறக்கட்டளையின் சாசனம், புதிதாகச் சொத்து வாங்கலாம் என்று அதில் எழுதியில்லை, ஆகவே 1936க்குப் பிறகு வாங்கியதும் தானமாக வந்ததும் செல்லாது. 38 ஆண்டுகளுக்கு முன் எழுதிய வெறும் பட்டியலில் அப்படியொரு வாசகம் எப்படி இருக்கும்? வாரிசு இல்லாத ஒரு கிழவி தன் வீட்டைப் பள்ளிக்கு எழுதிவைத்திருந்தால் அந்த வீடு கருவூலத்துக்குப் போனது, அல்லது பழைய உரிமையாளரின் வாரிசுகளுக்குத் திரும்பியது. அந்த வீட்டு வாடகையில்தான் பள்ளி ஆசிரியருக்குச் சம்பளம் போய்க்கொண்டிருந்தது.

இன்னொரு வழியும் இருந்தது. ஒரு பகுதியில் ஆட்கள் இல்லை, நிர்வாகக் குழு இல்லை என்றால், அறக்கட்டளையே செயலிழந்துவிட்டது என்று சொல்லி அரசின் அறக்கட்டளைத் துறை அதை எடுத்துக்கொள்ளும். முதலில் ஆட்களை விரட்டிவிட்டுப் பிறகு ஆட்கள் இல்லை என்று சொத்தை எடுத்துக்கொள்வதை வேறெப்படிச் சொல்வது என்று எனக்குத் தெரியவில்லை.

பிரிங்கிப்போ அனாதை இல்லத்தின் கதையில் இந்த இரண்டும் கலந்திருக்கின்றன. இஸ்தான்புல்லுக்கு அருகே மர்மரா கடலில் ப்யூக்கதா என்ற தீவின் குன்றின் மேல், பைன் மரங்களுக்கு நடுவே, முழுக்க மரத்தாலான ஒரு பெருங்கட்டடம். ஐரோப்பாவிலேயே மிகப் பெரிய மரக் கட்டடம் என்று அதைச் சொல்வார்கள். 1890களின் இறுதியில் அலெக்சாந்தர் வல்லோரி என்ற கட்டடக் கலைஞர் ஒரு ரயில் நிறுவனத்தின் சொகுசு விடுதியாக அதை வடிவமைத்தார். சுல்தான் அப்துல் ஹமீது விடுதிக்கு அனுமதி தரவில்லை. எலேனி ஸரிஃபி என்ற ரும் சீமாட்டி அதை வாங்கி, ரும் மக்களின் திருச்சபைத் தலைமைப்பீடமான பேட்ரியார்க்கேட்டுக்குத் தானமாகக் கொடுத்தார். 1903 முதல் 1964 வரை ஆயிரக்கணக்கான அனாதைக் குழந்தைகள் அங்கே வளர்ந்தார்கள். 1964இல், மேலே சொன்ன அதே வருடத்தில், பாதுகாப்பில்லை என்ற காரணம் சொல்லி மூடினார்கள். 1980இல் ஒரு பகுதி தீயில் எரிந்தது. 1990களில் இல்லத்தின் அறக்கட்டளை செயலிழந்தது என்று அறிவித்துவிட்டு, பேட்ரியார்க்கேட்டின் பத்திரத்தையே ரத்து செய்யக் கோரி வழக்குப் போட்டார்கள். துருக்கி நீதிமன்றங்களில் தோற்ற பேட்ரியார்க்கேட் ஸ்ட்ராஸ்பூர்க்கிலுள்ள ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றத்துக்குப் போனது. 2008இல் சாதகமான தீர்ப்பு, 2010இல் திருப்பித் தரச் சொல்லி உத்தரவு, அதே ஆண்டு நவம்பரில் பத்திரம் கைக்கு வந்தது. வெற்றிதான். ஆனால் நாற்பத்தைந்து வருடத்துக்கும் மேலாகப் பூட்டிக்கிடந்த மரக் கட்டடம் மழையில் ஊறி, தளங்கள் சரிந்து நிற்கிறது. 2018இல் பாரம்பரியப் பாதுகாப்புக்கான யூரோப்பா நோஸ்த்ரா அமைப்பு ஐரோப்பாவில் மிகவும் ஆபத்தில் இருக்கும் ஏழு பாரம்பரிய இடங்களில் ஒன்றாக அதைச் சேர்த்தது. பத்திரம் முப்பது வருடம் முன்னால் கிடைத்திருந்தால் தேவைப்பட்டிருக்கும் செலவையும் இப்போது ஆகப்போகும் செலவையும் ஒப்பிட்டால் உங்கள் கேள்விக்கு அதுவே பாதிப் பதில்.

2008இல் அறக்கட்டளைச் சட்டம் திருத்தப்பட்டது. 2011 ஆகஸ்டில் வந்த ஆணை 1936 பட்டியலில் இருந்து பிறகு பறிபோன சொத்துகளைத் திரும்பப் பெற வழி திறந்தது. கலாத்தா ரும் பள்ளி அப்படித் திரும்பி வந்த ஒன்று. மாணவர்கள் இல்லாமல் மூடப்பட்ட அந்தக் கட்டடம் இன்று இஸ்தான்புல் பினாலே போன்ற கலை விழாக்களுக்கு இடம் கொடுக்கிறது. வாடகை வருகிறது, சமூகத்தின் கையில் சாவி இருக்கிறது. அருங்காட்சியகம் ஆக்குவதை விட இது எனக்குப் பிடித்திருக்கிறது. ஆனால் இங்கும் ஒரு முட்டுக்கட்டை வந்தது. 2013இல் தேர்தல் விதிகளை ரத்து செய்துவிட்டுப் புதிய விதி வராமலேயே வைத்திருந்ததால் 2022 வரை சிறுபான்மை அறக்கட்டளைகளில் தேர்தலே நடக்கவில்லை. ஒன்பது வருடம் அதே குழு. இறந்தவர் இடம் காலியாகவே கிடந்தது. இளைஞர்களுக்குப் பொறுப்புக் கொடுக்க வேண்டிய நேரத்தில் கதவு மூடியிருந்தது.

பள்ளிக்கு வருவோம். இம்ப்ரோஸ் தீவைத்தான் எடுத்துக்காட்டாகச் சொல்வேன், ஏனென்றால் அங்கேதான் ஓட்டம் திரும்பியது. அதிகாரப்பூர்வமாக இன்று அதன் பெயர் கொக்சேஅதா, 1970இல் மாற்றினார்கள். 1964இல் தீவில் கிரேக்க மொழிக் கல்வி தடை செய்யப்பட்டது. அடுத்தடுத்து நல்ல விளைநிலங்கள் அரசுப் பண்ணைக்கும் திறந்தவெளிச் சிறைக்கும் என்று எடுக்கப்பட்டன. கைதிகள் ஊருக்குள் சுற்றினார்கள். பிள்ளைக்கு எழுத்துச் சொல்லித்தர முடியாத ஊரில் எந்தத் தாய் தகப்பன் இருப்பார்கள்? கிளம்பினார்கள்: இஸ்தான்புல்லுக்கு, ஏதென்சுக்கு, ஆஸ்திரேலியாவுக்கு. எட்டாயிரத்துக்கும் மேல் இருந்த கிரேக்கர்கள் இருபதாம் நூற்றாண்டின் இறுதியில் முந்நூறுக்குள் சுருங்கினார்கள், அதிலும் பெரும்பாலோர் முதியவர்கள். ஸ்கினூதி என்ற பெரிய ஊர் கல்வீடுகளின் கூரை விழுந்து கிடந்தது.

ஆனாலும் போனவர்கள் ஊரை விடவில்லை. ஏதென்சில் நேயா ஸ்மிர்னி பகுதியில் சங்கம் வைத்தார்கள், பட்டியல் வைத்தார்கள், யார் வீடு எது என்று குறித்தார்கள். ஒவ்வொரு ஆகஸ்ட் 15ஆம் தேதியும் மாதாவின் திருநாளுக்குத் தீவுக்குத் திரும்பி வரத் தொடங்கினார்கள். அக்ரீதியா ஊரில் முந்தின இரவே பெரிய அண்டாக்களில் இறைச்சி வேகத் தொடங்கிவிடும்; பூசை முடிந்ததும் வந்தவர்க்கெல்லாம் பகிர்ந்து கொடுப்பார்கள், துருக்கி அண்டை வீட்டாருக்கும் சேர்த்து. இரண்டு வாரத்துக்கு ஊர் நிறையும், பிறகு காலியாகும். 2008இல் ஐரோப்பிய கவுன்சிலின் நாடாளுமன்றப் பேரவை இரு தீவுகளின் இருபண்பாட்டுத் தன்மையைக் காக்க வேண்டும் என்று தீர்மானம் போட்டது. 2013இல் ஆயியோஸ் தியோதோரோஸ் ஊரில் கிரேக்கத் தொடக்கப்பள்ளி மீண்டும் திறந்தது, சுமார் அரை நூற்றாண்டுக்குப் பிறகு. முதல் வருடம் சேர்ந்த பிள்ளைகளைக் கைவிரலில் எண்ணிவிடலாம். 2015இல் அக்ரீதியாவில் நடுநிலை, மேல்நிலை வகுப்புகளும் வந்தன. அதன் பிறகு இளம் குடும்பங்கள் ஏதென்சிலிருந்து திரும்பி வந்து தாத்தா வீட்டைப் பழுதுபார்த்துக் குடியேறின. சில வருடத்திலேயே மாணவர்கள் பத்துப் பத்தாகக் கூடினார்கள்.

கிரீசில் அப்போதிருந்த பொருளாதார நெருக்கடியும் இதற்கு ஒரு காரணம். வேலையில்லாத இளைஞனுக்குத் தீவில் ஒரு வீடும் ஆலிவ் தோப்பும் இருப்பது பெரிய விஷயம். திருச்சபையின் தலைவரான இன்றைய பேட்ரியார்க் பர்த்தொலோமேயு 1940இல் அதே ஆயியோஸ் தியோதோரோஸில் பிறந்தவர் என்பதும் உதவியது. தன் ஊர்ப் பள்ளிக்காக அவர் விடாமல் பேசினார். ஆனால் பள்ளி இல்லாமல் அந்தக் குடும்பங்களில் ஒன்றுகூட நிரந்தரமாகத் தங்கியிருக்காது. கோடையில் மட்டும் திறக்கும் வீடு குளிர்காலத்திலும் புகைபோக்கியில் புகை விடுவதற்குப் பள்ளி மணிதான் காரணம். இதற்கு நேர்மாறான நிலை இஸ்தான்புல்லுக்கு அருகே ஹால்கி தீவில். 1844இல் தொடங்கிய இறையியல் பள்ளி 1971 முதல் மூடிக் கிடக்கிறது. தோட்டம் பராமரிக்கப்படுகிறது, நூலகம் இருக்கிறது, பெஞ்சுகள் துடைக்கப்பட்டு வரிசையாக இருக்கின்றன. குருமார்களைப் பயிற்றுவிக்க வேண்டிய இடத்தில் சுற்றுலாப் பயணிகள் படம் எடுக்கிறார்கள். கட்டடம் காப்பாற்றப்பட்டும் பயன் இல்லாமல் போவதற்கு இதைவிட நல்ல உதாரணம் தேட வேண்டாம்.

அடுத்து, ஆவணம். ஒரு சமூகத்தின் நினைவை அந்தச் சமூகம் மட்டுமே காப்பாற்றுவதில்லை என்பதை 1955இன் புகைப்படங்களிலிருந்து கற்றுக்கொள்ளலாம். அன்று இரவும் அடுத்த நாட்களிலும் பேட்ரியார்க்கேட்டின் புகைப்படக்காரர் திமித்ரியோஸ் கலுமேனோஸ் உயிரைப் பணயம் வைத்து நாசமான தேவாலயங்களைப் படம்பிடித்தார். படங்கள் ரகசியமாக நாட்டுக்கு வெளியே போயின. இன்னொரு தொகுப்பு எதிர்பாராத இடத்தில் இருந்தது. கலவரத்துக்குப் பிறகு அமைந்த ராணுவ நீதிமன்றத்தில் பணியாற்றிய ஃபஹ்ரி சோக்கெர் என்ற துருக்கிக் கடற்படை அதிகாரி, பிற்பாடு அட்மிரல் ஆனவர், வழக்குக்கு வந்த படங்களையும் ஆவணங்களையும் பல்லாண்டு பத்திரமாக வைத்திருந்தார். துருக்கியின் வரலாற்று அறக்கட்டளையிடம் ஒப்படைத்து, தான் இறந்த பிறகே வெளியிட வேண்டும் என்று கேட்டுக்கொண்டார். அவர் இறந்த பின், கலவரத்தின் ஐம்பதாம் ஆண்டு நாளான 2005 செப்டம்பர் 6 அன்று இஸ்தான்புல்லில் ஒரு கலைக்கூடத்தில் அந்தப் படங்கள் கண்காட்சியாக வைக்கப்பட்டன. திறப்பு நாளிலேயே தீவிர தேசியவாதிகள் உள்ளே புகுந்து படங்களைக் கிழித்து, முட்டை வீசி, ஜன்னல் வழியாகத் தெருவில் எறிந்தார்கள். எறிந்தவர்களின் கையில் சிக்கியது பிரதிகள்தான், மூலங்கள் தப்பின. கண்காட்சி தொடர்ந்து நடந்தது, அந்தத் தாக்குதலாலேயே அதுவரை கேள்விப்படாத ஆயிரக்கணக்கான துருக்கி இளைஞர்கள் 1955இல் என்ன நடந்தது என்று தேடிப் படித்தார்கள்.

ஆகவே ஆவணம் திரட்டுகிறவர்களுக்கு நான் சொல்வது: மூலத்தையும் பிரதியையும் ஒரே இடத்தில் வைக்காதீர்கள். ஒரு பிரதி சமூகத்திடம், ஒன்று இஸ்தான்புல்லில் ஒரு பல்கலைக்கழகத்திலோ ஆய்வு மையத்திலோ, ஒன்று ஏதென்சில். ஹ்ராந்த் திங்க் அறக்கட்டளை, ஆர்மீனிய அமைப்பாகத் தொடங்கியும், ஆர்மீனியர், ரும், யூதர், சிரியாக் கிறிஸ்தவர் எல்லோருடைய கட்டடங்களையும் துருக்கி முழுவதும் தேடிப் பட்டியலிட்டு இணைய வரைபடமாக வெளியிட்டிருக்கிறது. இன்று களஞ்சியமாகவோ தொழுவமாகவோ மாறிப்போன தேவாலயங்களையும் அதில் காணலாம்.

வாய்மொழி நினைவுக்கு முன்மாதிரி ஏதென்சிலேயே இருக்கிறது. 1930இல் மெல்போ மெர்லியே, ஒக்தாவ் மெர்லியே தம்பதியர் நாட்டுப்பாடல்களை ஒலிப்பதிவு செய்யத் தொடங்கினார்கள். அது வளர்ந்து சிற்றாசியா ஆய்வு மையமானது. 1923இல் அகதிகளாக வந்த ஏறத்தாழ ஐயாயிரம் பேரை நேரில் பார்த்து, 1,45,000 பக்கம் கையெழுத்தில் எழுதிவைத்தார்கள். என்ன கேட்டார்கள் என்பதுதான் எனக்குப் பிடித்தது. போரைப் பற்றி மட்டும் கேட்கவில்லை. ஊருக்குத் தண்ணீர் எங்கிருந்து வந்தது, பக்கத்து ஊருக்கு எந்த வழியாக நடந்துபோவீர்கள், கல்யாணத்தில் என்ன பாடுவீர்கள், துருக்கி அண்டை வீட்டாரோடு எப்படி இருந்தீர்கள் என்றெல்லாம் கேட்டார்கள். அதனால்தான் இன்று அனதோலியாவில் வசிக்கும் துருக்கியர்கள்கூடத் தங்கள் ஊரின் பழைய கதையை அங்கே தேடுகிறார்கள்.

இஸ்தான்புல்லின் கடைசித் தலைமுறையிடம் இதைச் செய்ய இனி அதிகக் காலம் இல்லை. 1955இல் பத்து வயது என்றால் இன்று எண்பது. போய் உட்கார்ந்து "1955 பற்றிச் சொல்லுங்கள்" என்று ஆரம்பித்தால், செய்தித்தாளில் எழுபது வருடமாகப் படித்ததைத்தான் திருப்பிச் சொல்வார். "உங்கள் தெருவில் முதல் கடை யாருடையது? அடுத்தது?" என்று கேட்டால் பெயர்கள் வரும், பெயரோடு முகமும் வரும், அப்புறம் அந்த இரவும் தானாக வரும். பழைய ஆல்பத்தை எடுத்துவைத்துக்கொண்டு பேசுவது இன்னும் நல்லது. படத்துக்குப் பின்னால் யார் யார் என்று அப்போதே பென்சிலால் எழுதிவிட வேண்டும். அவர்கள் பேச்சில் கிரேக்கத்தோடு துருக்கியும் பிரெஞ்சும் கலந்து வரும். ஒலியை எழுத்தாக்கும்போது ஏதென்ஸ் கிரேக்கமாகத் திருத்தி எழுதுகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். அந்தக் கலப்புதான் அந்த நகரம். யாருக்கு எதைக் காட்டலாம் என்ற ஒப்புதலையும் எழுத்தில் வாங்குங்கள். அங்கேயே வாழ்கிறவர்கள் எல்லாவற்றையும் வெளிப்படையாகச் சொல்லிவிட்டு நிம்மதியாக இருக்க முடியாது. சோக்கெரைப் போல "நான் போன பிறகு வெளியிடுங்கள்" என்று சொல்ல அவர்களுக்கு உரிமை உண்டு.

ஞானஸ்நானப் பதிவேடுகள், பள்ளிச் சேர்க்கைப் பதிவேடுகள், கல்லறைக் கற்கள் ஆகியவற்றை உடனே படம்பிடிக்க வேண்டும். பலிக்லி மாதா கோயில் முற்றத்துக்குப் போனால் நீங்கள் மிதித்து நடப்பதே கல்லறைக் கற்களின் மேல்தான். அனதோலியாவின் நடுப்பகுதியான கப்படோசியா, கரமான் பக்கத்திலிருந்து இஸ்தான்புல்லுக்குப் பிழைக்க வந்தவர்களின் கற்கள் அவற்றில் பல. எழுத்து கிரேக்கம், வாசித்தால் வருவது துருக்கி மொழி. தையல்காரருக்குக் கத்தரிக்கோல், மற்றவர்க்கு அவரவர் தொழில் கருவி என்று பெயருக்குக் கீழே செதுக்கியிருப்பார்கள். கிரேக்க மொழியே தெரியாத ஆர்த்தடாக்ஸ் கிறிஸ்தவர்கள் அவர்கள். இரண்டு தேசிய வரலாறுகளிலும் ஒட்டாதவர்கள் என்பதால் அவர்களைப் பற்றிப் பேச ஆளில்லை. அந்த எழுத்துகள் ஆண்டுதோறும் காலடியில் தேய்ந்துகொண்டிருக்கின்றன.

வழிபாடும் கொண்டாட்டமும் வேறு வகை. அவற்றை அண்டை வீட்டாரும் சேர்ந்து தூக்கிப் பிடித்திருக்கிறார்கள். ப்யூக்கதாவின் உச்சியில் குதூனாஸ் புனித ஜார்ஜ் மடம் இருக்கிறது. ஏப்ரல் 23 அன்று பல்லாயிரம் பேர் படகேறி வந்து அந்தச் செங்குத்துப் பாதையில் ஏறுவார்கள். ஏறுகிறவர்களில் பெரும்பாலோர் முஸ்லிம்கள். அடிவாரத்துப் புதரில் நூலைக் கட்டிவிட்டு, நூற்கண்டை அவிழ்த்தபடியே, அறுந்துவிடாமல், பேசாமல் ஏறினால் நேர்ந்தது பலிக்கும் என்பது நம்பிக்கை. மாலையில் பாதையின் இரு பக்கமும் வண்ண நூல் முழங்கால் உயரத்துக்குப் பின்னிக் கிடக்கும். இதை ரும் மக்களின் பாரம்பரியம் என்று தனியாகப் பிரித்துக் கண்ணாடிப் பெட்டியில் வைக்க முடியுமா? இஸ்தான்புல்லின் ததாவ்லா பகுதியில் நடக்கும், ஈஸ்டர் நோன்புக்கு முந்தைய கேளிக்கையான பக்லஹொரானி 1940களில் தடைபட்டு, 2010இல் மீண்டும் தொடங்கியபோது முகமூடி போட்டு ஆடியவர்களில் ரும் அல்லாதவர்களும் நிறையவே இருந்தார்கள். அதனால் என்ன? பாட்டும் நடையும் தெரிந்த கிழவர்கள் நாலு பேர் அதில் இருந்தார்கள், அது போதும். மஹ்லெப் என்ற செர்ரி விதைப் பொடியும் மஸ்திக் மரப் பிசினும் மணக்கும் ஈஸ்டர் ரொட்டியை இன்று இஸ்தான்புல் பேக்கரிகளில் வருடம் முழுக்க யாரும் வாங்கலாம்.

பைசாந்தியர் கட்டிய பெருந்தேவாலயமான ஹாகியா சோஃபியாவைப் பற்றி ஏன் பேசவில்லை என்று கேட்பீர்கள். 2020இல் அது மீண்டும் பள்ளிவாசலானது உலகச் செய்தி. உலகத்துக்கு அது முக்கியம்தான். ஆனால் அங்கே வாழும் இரண்டாயிரம் பேரின் அன்றாடத்துக்கு, ஞாயிற்றுக்கிழமை ஐந்து பேர் வந்து நிற்கும் பேட்டைக் கோயிலில் பூசை வைக்கப் பாதிரியார் கிடைப்பதும், பலிக்லி மருத்துவமனையின் முதியோர் பிரிவு நடப்பதும் அதைவிட முக்கியம். 1753இலிருந்து இயங்கும் அந்த மருத்துவமனையின் கூரை 2022 ஆகஸ்டில் தீப்பிடித்தபோது இஸ்தான்புல் கிரேக்கர்கள் பட்ட கவலையை ஹாகியா சோஃபியா விஷயத்தில்கூட நான் பார்க்கவில்லை. 1925இல் தொடங்கிய அபொயெவ்மாத்தினி நாளிதழும் அப்படித்தான். சில நூறு பிரதிகள்தான் அச்சாகும். ரும் குடும்பங்களே அத்தனைதான் என்பதால் ஏறக்குறைய எல்லா வீட்டுக்கும் போகிறது. 2011இல் மூடும் நிலை வந்தபோது கிரேக்கம் வாசிக்கத் தெரியாத துருக்கி இளைஞர்கள் சந்தா கட்டிக் காப்பாற்றினார்கள். அடுத்த வருடமே இஸ்தோஸ் என்ற பதிப்பகம் இஸ்தான்புல்லில் தொடங்கி, பல பத்தாண்டுகளுக்குப் பிறகு கிரேக்கப் புத்தகங்களை அந்த நகரத்திலேயே அச்சிட்டது.

கடைசியாக, எல்லோரும் சுற்றி வளைத்துப் பேசும் விஷயம்: இதற்கெல்லாம் வாரிசு யார்? இஸ்தான்புல்லின் ஃபெனர் பகுதியில் குன்றின் மேல் செங்கல்லால் எழுந்து நிற்கும் பெரிய பள்ளி, 1454ஐத் தொடக்கமாகச் சொல்லிக்கொள்வது. பெயோக்லுவின் ஸப்பியோன், ஸோக்ராஃபியோன். இந்தப் பள்ளிகளின் வகுப்பில் இன்று உட்கார்ந்திருக்கும் பிள்ளைகளில் கணிசமானோர் பழைய இஸ்தான்புல் குடும்பத்தினர் இல்லை. சிரியா எல்லையிலிருக்கும் ஹத்தாய் மாகாணத்திலிருந்து வந்த ஆர்த்தடாக்ஸ் கிறிஸ்தவர்கள். வீட்டில் அரபியும் துருக்கியும் பேசுகிறவர்கள், அந்தியோக்கியா திருச்சபையைச் சேர்ந்தவர்கள். "இவர்கள் நம்மவர்கள் இல்லையே" என்ற முணுமுணுப்பு பழைய குடும்பங்களில் இருக்கிறது. எனக்கு அதில் உடன்பாடு இல்லை. தேவாலயத்தில் மெழுகுவர்த்தி ஏற்றுகிறவர்கள், பாடகர் குழுவில் நிற்கிறவர்கள், பள்ளி மூடாமல் இருக்கக் காரணமானவர்கள் இன்று அவர்கள்தான். 2023 பிப்ரவரி நிலநடுக்கத்தில் அந்தாக்கியாவின் ஆர்த்தடாக்ஸ் கோயில் தரைமட்டமானது. அந்த ஊரை விட்டுக் குடும்பங்கள் பல திசையில் சிதறின. அப்படி இஸ்தான்புல்லுக்கு வரும் குடும்பத்தின் பிள்ளை முதல் வகுப்பில் கிரேக்க எழுத்தை முதன்முறையாகப் பார்க்கிறது. அதன் கையில் இருப்பதோ கிரேக்கம் வீட்டிலேயே தெரிந்த பிள்ளைக்காக எழுதிய பாடநூல். பாரம்பரியத்துக்கென்று யாராவது நன்கொடை தர விரும்பினால் இன்னொரு முகப்பு ஓவியத்துக்கு முன் இந்தப் பிள்ளைகளுக்குக் கிரேக்கத்தை அந்நிய மொழியாக அடியிலிருந்து சொல்லித்தரும் பாடநூலுக்கும், அதை நடத்தத் தெரிந்த ஆசிரியரின் சம்பளத்துக்கும் கொடுக்கச் சொல்வேன்.